காரோடு வந்த இருபத்தெட்டு நாள்

எங்கள் கார் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சின்ன வண்டி, வெள்ளை நிறம். சீட் கவர் கிடையாது, கம்பெனி தைத்துக் கொடுத்த துணிதான். காலுக்கடியில் கிடக்கிற மேட், பஜாரில் மீட்டர் கணக்கில் வாங்கி நானே கத்தரியால் வெட்டிப் போட்டது. கதவில் வெள்ளிப் பட்டை இல்லை. கம்பெனி தந்ததற்கு மேலே ஒரே ஒரு நாள் கூட வாரண்டி இல்லை. இந்த உப்புக்காற்றில், உப்பளத்து லாரிகளுக்கு நடுவில், தினமும் நான்தான் ஓட்டுகிறேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. கார் வாங்கின ஷோரூம் வாசலைத் தாண்டும்போது மட்டும் வேண்டுமென்றே ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவேன். அவ்வளவு இளக்காரம் எனக்கு அவர்கள் மேல்.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வருகிற போகிற சரக்குக்குப் பேப்பர் தயார் பண்ணுகிற ஆபீஸ். பன்னிரண்டு வருஷமாகப் பொடி எழுத்து படிப்பதுதான் என் பிழைப்பு. தாளின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பான் பாருங்கள், இது நடந்தால் நாங்கள் பொறுப்பில்லை, அது நடந்தால் காசு தரமாட்டோம் என்று, அதை உலகத்தில் ஒருத்தரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

என் வீட்டுக்காரர் கப்பல்காரர். டெக்கில் வேலை. கயிறு இழுக்க, துரு தட்ட, பெயிண்ட் அடிக்க. ஒன்பது மாதம் கடல், அப்புறம் மூன்று நாலு மாதம் வீடு. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆம்பிளைகள் இப்படித்தான். மகள் பிறந்தபோது அவர் கப்பலில். ஞானஸ்நானத்துக்கும் கப்பலில். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கும் கப்பலில். முதல் பல் விழுந்ததைப் பிள்ளை போனில் வாயைத் திறந்து காட்டியது, அந்த நேரம் பார்த்து அங்கே சிக்னல் போய், திறந்த வாய் திறந்தபடி படத்தில் நின்றது. மறுபடியும் லைன் கிடைத்தபோது புதுப் பல்லே முளைத்துவிட்டது.

அவளுக்கு ஒன்பது வயதானபோது புதுநன்மை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள் அது. வெள்ளைக் கவுன், தலையில் நெட், கையில் மெழுகுதிரி. கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பிள்ளை நடுவில் நடக்க, அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் நடந்து போகவேண்டும். மே மாதம் இரண்டாவது ஞாயிறு என்று சாமியார் சொல்லிவிட்டார். என் மகள் அப்பாவின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "இருப்பியளா?" என்று கேட்டாள். "சத்தியமா இருப்பேன்" என்றார். அன்றைக்கே கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு, மே முடிந்தபிறகுதான் ஏறுவேன் என்றும் சொல்லிவிட்டார். என் மகள் அதைக் கோவிலில் ஞானோபதேச வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவைத்துவிட்டாள்.

கப்பல்காரருக்கு வீட்டிலிருக்கிற மாதம் சம்பளம் கிடையாது. கொண்டுவந்ததை வைத்துத்தான் ஓட்டவேண்டும். அந்தத் தடவை கையிலிருந்த காசுக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம், வாங்கியது போக ஜூன் வரைக்கும் வீடும் ஓடும் என்று கணக்குப் போட்டது நான். கார் அவர் ஆசை. புதுநன்மை அன்றைக்கு மகளைச் சொந்தக் காரில் கோவிலுக்குக் கூட்டிப்போகவேண்டும், மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லாருமாக மணப்பாட்டுக்குப் போய்க் கடலைப் பார்க்கவேண்டும். வருஷம் பூராவும் கடலையே பார்த்துக் கிடக்கிற மனுஷனுக்கு லீவில் போய்ப் பார்க்க வேண்டியது கடல்! சரி, ஆசைப்படுகிறார், போகட்டும் என்று விட்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் பெரிய பொருளை ரூபாயில் பேசமாட்டோம், நாளில் பேசுவோம். அவர் ஒரு நாள் கப்பலில் நின்றால் எவ்வளவு வரும் என்பது கப்பல்காரர் பெண்டாட்டி ஒவ்வொருத்திக்கும் மனப்பாடம். எங்கள் ஃபிரிட்ஜ் எட்டு நாள். கட்டில் ஐந்து நாள். அவர் தங்கச்சி கல்யாணம் ஒரு முழுக் கான்ட்ராக்ட். இப்படிப் பேசினால் வேண்டாததை வாங்கக் கை வராது. எனக்கு வராது என்று சொல்லவேண்டும். அவருக்கு வரும்.

மார்ச் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷோரூமுக்குப் போனோம். உள்ளே குளுகுளு என்று ஏசி, தரை வழுக்குகிறது, ரூம் ஸ்பிரே வாசனை. எங்களைப் பிடித்துக்கொண்டவன் ஒரு டைக்காரன். தூத்துக்குடி வெயிலில் கழுத்தில் டை! நெஞ்சில் பெயர் குத்தியிருந்தான், நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, எனக்கு அவன் டைக்காரன்தான். அவனும் என்னைப் பார்க்கவில்லை. முந்தின வாரமே வந்து காருக்கு அட்வான்ஸ் கட்டியது நான், புக்கிங் என் பெயரில், ஏனென்றால் முக்கால்வாசி வருஷம் ஊரில் இருப்பது நான்தான். ஆனாலும் அவன் பேசியது பூராவும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து.

"சாருக்கு என்ன ஜாப்?"

"கப்பல்ல."

"ஓ! கேப்டனா சார்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டெக்கில் வாளி தூக்குகிற மனுஷன், லேசாகச் சிரித்தார். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது. அதற்கப்புறம் மூச்சுக்கு மூச்சு கேப்டன் சார். கேப்டன் சார் டீ சாப்பிடுங்க. கேப்டன் சார் மாதிரி ஆளுங்க சீட் கவர் இல்லாம எப்படி சார் ஓட்டுவீங்க. என் வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

டைக்காரன் ஒரு தாளை நீட்டினான். மேலே கார் விலை, அது நியாயம். அதற்குக் கீழே ஒரு வால். நான் மனசுக்குள்ளேயே நாளாக மாற்றிக்கொண்டு போனேன். வண்டிக்கு அடியில் துரு எதிர்ப்புக் கோட்டிங், மூன்று நாள். மேலே பளபளப்புக்கு செராமிக் கோட்டிங், ஆறு நாள். வாரண்டியை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்க, ஐந்து நாள். மேட், சீட் கவர், பட்டை, இறக்கை என்று ஆக்சஸரீஸ் ஒரு பெட்டி, எட்டு நாள். இன்சூரன்ஸ் அவர்களிடமே எடுத்தால், எனக்குத் தெரிந்த ஏஜெண்ட் சொன்னதைவிட நாலு நாள் கூட. கடைசியில் ஹேண்ட்லிங் சார்ஜ், இரண்டு நாள். அது எதுக்கு என்று கேட்டேன். குடோனிலிருந்து காரை ஷோரூமுக்குக் கொண்டுவருகிற செலவாம். அவன் பொருளை அவன் கடைக்கு அவன் கொண்டுவர, என் புருஷன் இரண்டு நாள் நடுக்கடலில் துரு தட்டவேண்டுமாம். சவத்தெழவு, கேட்கிறவனுக்கு வெட்கம் வேண்டாமா?

மொத்தம் இருபத்தெட்டு நாள். இதைக் கொடுத்தால் ஜூன் வரை ஓட வேண்டிய காசு ஏப்ரலிலேயே தரை தட்டிவிடும். அப்புறம் அவர் கப்பல் ஏறவேண்டியதுதான், புதுநன்மைக்கு அப்பா எங்கே இருப்பது?

"இதெல்லாம் வேண்டாம், வண்டி மட்டும் போதும்" என்றேன். டைக்காரன் முதல்முறையாக என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான். "மேடம், நீங்க காச பாக்கீங்க. கேப்டன் சாருக்குத் தெரியும் கடல்காத்து என்ன பண்ணும்னு" என்று சொல்லி, போனை எடுத்து ஒரு படம் காட்டினான். ஏதோ ஒரு காரின் அடிப்பக்கம். பூராவும் துரு, ஓட்டை ஓட்டையாக, செதில் செதிலாக. அது எந்த ஊர்க் குப்பைமேட்டில் எடுத்த படமோ மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. அவருக்குத் துரு என்றால் வெறும் துரு இல்லை. பதினாலு வருஷமாக அந்த மனுஷன் சுத்தியலை வைத்துக்கொண்டு கப்பலில் துரு தட்டுகிறார். தட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து முடித்து நிமிர்ந்தால் ஆரம்பித்த இடத்தில் மறுபடியும் துரு நிற்கும். லீவில் வந்தால் முதல் வாரம் வீட்டு ஜன்னல் கம்பி, கேட், கிணற்றுக் கப்பி என்று ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். தூக்கத்தில்கூடக் கை ஆடும். அந்த ஆளிடம் போய் அவன் துருப் படத்தைக் காட்டுகிறான். எங்கே தொட்டால் விழுவான் என்று பார்த்துத் தொடுகிற வித்தை ஒன்றுதான் அவன்களுக்குத் தெரிகிறது. கார் பற்றி ஒரு எழவும் தெரியவில்லை.

"ஏங்க, வேண்டாம்" என்றேன். "ஏளா, இரு, யோசிப்போம்" என்றார். அந்த நேரம் என் ஆபீசிலிருந்து போன். ஒரு கன்டெய்னர் பேப்பரில் எடை தப்பாக ஏறியிருக்கிறது, கேட்டில் வண்டி நிற்கிறது என்று கத்துகிறார்கள். உள்ளே பாட்டு ஓடியதால் வெளியே வந்து பேசினேன். பத்து நிமிஷம், மிஞ்சினால் பன்னிரண்டு.

திரும்பி உள்ளே போனால் டைக்காரன் தாளையெல்லாம் அடுக்கி ஃபைலில் வைத்துக்கொண்டிருக்கிறான். என் வீட்டுக்காரர் பேனாவை மூடி அவனிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னத்துல கையெழுத்துப் போட்டிய?"

"அந்தப் பேக்கேஜ் தாளுல."

"வாசிச்சியளா?"

"எங்கன போடணும்னு அவன் விரல வச்சுக் காட்டுனான்ளா. போட்டேன்."

இதைக் கேட்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் முட்டாள் என்று தோன்றும். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கப்பலில் இது பழக்கம். தூங்கி ஓய்வெடுத்த நேரத்தைப் பதிகிற தாள் ஒன்று உண்டு. மாதக் கடைசியில் ஆபீசர் அதை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டுவார், விரலை வைத்து இடம் காட்டுவார். பதினாறு மணி நேரம் நின்று வேலை பார்த்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்று அதில் இருக்கும். வாசித்தால் சண்டை வரும், சண்டை வந்தால் அடுத்த கான்ட்ராக்ட் வராது. அதனால் ஒருத்தரும் வாசிப்பதில்லை. விரல் நீண்டால் கையெழுத்து விழும். பதினாலு வருஷப் பழக்கம், கேப்டன் சார் என்று கூப்பிட்டவன் விரலுக்கும் விழுந்துவிட்டது.

இப்போது நிதானமாக இதைச் சொல்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நான் நிதானமாக இல்லை. காப்பியைப் போட்டு வைத்துவிட்டு ஆரம்பித்தேன். என் வாயைப் பற்றி எங்கள் தெருவே சொல்லும்.

"கேப்டனாம் கேப்டன்! டெக்கு கழுவுதவருக்குச் செராமிக் கோட்டிங் கேக்குதோ? ஒரு கூறுகெட்ட பய வந்து காதுல பூ சுத்துதான், நீங்க தலையக் குனிஞ்சு காட்டுதிய! துரு, துரு, துரு. உங்க மூளையிலதான் துரு புடிச்சிருக்கு. அதுக்கு எங்கன கோட்டிங் அடிக்கன்னு கேட்டுட்டு வாங்க அந்தப் பயலுட்ட."

அவர் காப்பியைத் தொடவில்லை. "அவன் அஞ்சு வருஷம் வாரண்டி தாரான்ளா" என்று மெதுவாகச் சொன்னார்.

"தருவான், தருவான். இருபத்தெட்டு நாளு! உங்களுக்கு அது வெறும் நம்பரு. யாரு கையெழுத்துப் போட்டாங்களோ அவங்களே போயி அந்த இருபத்தெட்டு நாளையும் கட்டட்டும்."

மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அம்மா, அப்பா போயிருவாவளா?" அவர் எழுந்து வெளியே போய்க் கேட்டுப் பக்கத்தில் நின்றார். நானும் கூப்பிடவில்லை. அப்புறம் மூன்று நாள் வீட்டில் பேச்சு, சாப்பிட வாங்க, குழாயை மூடுங்க, அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளும் நான் சும்மா இருக்கவில்லை. பேக்கேஜ் தாளின் நகலையும் அதோடு கொடுத்த வாரண்டிப் புத்தகத்தையும் ஆபீசுக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

துரு எதிர்ப்புக் கோட்டிங்குக்கு ஐந்து வருஷ வாரண்டி என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம் பதினோராவது வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? உப்பு, கடல்காற்று, தொழிற்சாலைப் புகை, இவற்றால் வருகிற துருவுக்கு இந்த வாரண்டி பொருந்தாது. மாதாவே! தூத்துக்குடியில் இந்த மூன்றையும் விட்டால் துருவுக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது? ஒருத்தன் கண்வைத்து வருமா? கடல்காற்றைக் காட்டிப் பயமுறுத்தி விற்கிறான், கடல்காற்றால் கெட்டால் நான் பொறுப்பில்லை என்று பின்னால் எழுதிவைக்கிறான். எங்கள் துறைமுகத்தில் எத்தனையோ திருட்டுப் பேப்பரைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு மானங்கெட்ட பேப்பரைப் பார்த்ததில்லை.

நீட்டிப்பு வாரண்டி அதற்கு அக்காள். முதல் மூன்று வருஷம் கம்பெனி வாரண்டி சும்மாவே உண்டு, நீட்டிப்பு நாலாவது வருஷம்தான் தொடங்கும். அதை மூன்று வருஷம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் டைக்காரன், "இன்னைக்கு விட்டா கிடைக்காது சார்" என்று சொல்லியிருந்தான். அதுவும் எதுக்கு வாரண்டி? பேட்டரிக்கு இல்லை, டயருக்கு இல்லை, பிரேக்குக்கு இல்லை, கிளட்சுக்கு இல்லை, ரப்பர் எதுக்கும் இல்லை. கெட்டுப்போகிற சாமான் எதுக்கும் இல்லை, கெடாததுக்கு எல்லாம் உண்டு.

கடைசித் தாளைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. வாங்குபவர் கையெழுத்து என்ற இடத்தில் இருப்பது என் வீட்டுக்காரர் கையெழுத்து. ஆனால் வாங்குபவர் நான். புக்கிங் என் பெயரில், அட்வான்ஸ் ரசீது என் பெயரில். அந்தத் தாளில் அவர் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது! ஊரார் பேப்பரில் எல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறவள், என் கோபத்தில் என் வீட்டுப் பேப்பரை மூன்று நாளாக ஒழுங்காகப் பார்க்கவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. ஏன் சொல்ல? சனிக்கிழமை போய் எல்லாவற்றையும் அடித்துவிட்டு வந்து, அந்தத் தாளை அவர் மூஞ்சிக்கு முன்னால் போட்டு, பாருங்க, இப்படித்தான் பேப்பர் பார்க்கணும் என்று சொல்லவேண்டும். அந்த ருசிக்காகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஆபீஸ் போவதாகவே கிளம்பி, பத்தரை மணிக்கு ஷோரூமில் நுழைந்தேன். டைக்காரன் சோபாவில் ஒரு தம்பதியைப் பிடித்து வைத்திருந்தான். உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரம் என்று பேச்சிலேயே தெரிந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் பெண்டாட்டி. மேசையில் அதே தாள், அதே வால். அண்ணாச்சி கையில் பேனா.

"கேப்டன் சார் வரலையா மேடம்?" என்றான் டைக்காரன்.

"வரல. கேப்டன் பெண்டாட்டி வந்திருக்கேன். இந்தப் பேக்கேஜ் எனக்கு வேண்டாம், அடிச்சுக் குடுங்க."

"மேடம், சிஸ்டம்ல ஏத்தியாச்சே. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"கப்பல் துறைமுகத்த விட்டுப் போனபிறகே நான் பில்லுல திருத்தம் போடுதவ. உம்ம சிஸ்டம் என்ன, மலையா?"

கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார், அப்புறம் வெளியே வந்தார். மேடம் மெதுவா பேசலாம் என்றார். பேக்கேஜ் கட்டாயம் என்றார். கட்டாயம் என்று எழுதித் தாருங்கள், சீல் போட்டு, என்றேன். அது வழக்கமில்லை என்றார். சார் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றார். நான் ரசீதை நீட்டினேன்.

"காரு யாரு பேருல?"

பார்த்தார். டைக்காரனை ஒரு முறை முறைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு விட மனசில்லை. வாரண்டித் தாளைத் திருப்பி, பதினோராவது வரியை முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில், ஹால் பூராவும் கேட்கிற மாதிரி வாசித்தேன். உப்பு. கடல்காற்று. புகை. பொருந்தாது. அண்ணாச்சியின் பேனா அப்படியே நின்றது.

"ஏம்மா, திருப்பி வாசி. கடல்காத்துக்குக் கெடையாதுன்னா போட்டிருக்கு?"

"ஆமா அண்ணாச்சி. உங்க தாளுலயும் பின்னால இருக்கும், பாருங்க."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் டைக்காரனைப் பார்த்தார். "ஏலே, காத்தச் சொல்லித்தான என்ட்ட இத வித்த? காத்துக்குக் கெடையாதுன்னா பெறகு எதுக்குல இது? வண்டிக்கு அடியில கருப்பட்டிப் பாகு தடவிக்கிடவா?" பக்கத்திலிருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டைக்காரன் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டான்.

மேனேஜருக்கு அதுக்குமேல் தாங்கவில்லை. "மேடம், உள்ள வாங்க, டீ சாப்பிட்டுட்டுப் பேசலாம்." "இங்கனயே பேசுவோம், எனக்கு டீ வேண்டாம்" என்றேன். கால் மணி நேரத்தில் புதுத் தாள் அடித்து வந்தது. கார் விலை, ரிஜிஸ்ட்ரேஷன், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் வெளியே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கினேன். பழைய தாளில் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, மேனேஜரே கையெழுத்துப் போட்டார். விரலை வைத்து இடம் காட்டியது நான். டைக்காரன் கடைசியாக, "மேட் மட்டுமாவது எடுத்துக்கோங்களேன் மேடம்" என்றான். பாவம் என்றுகூட நினைக்கவில்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டில் என்ன சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் ஒன்றும் பேசக்கூடாது, தாளை மட்டும் வைக்கவேண்டும். அவர் புரியாமல் பார்ப்பார். அப்புறம், ஏங்க கேப்டன், என்று ஆரம்பிக்கவேண்டும். இறங்கி, அவருக்குப் பிடித்த மீனும் அரைக்கிலோ வாங்கிக்கொண்டேன். மே மாதம் வரைக்கும் இனி ஒரு குறையும் இல்லை என்று மனசு நிறைந்திருந்தது.

வீட்டில் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்து அந்த மேசையில் அவர் பேப்பர் விரித்துப் பார்த்ததே இல்லை. மூக்கில் என் கண்ணாடி. பக்கத்தில் போனில் அகராதி திறந்திருந்தது. முன்னால் நாலு தாள், ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்ன டிக்.

"ஏளா, வா, உக்காரு" என்றார். மூன்று நாளைக்கப்புறம் முதல்முறையாக முகத்தில் தெளிச்சி. "கம்பெனிக்கு நானே போன் பண்ணேன். ஒரு கப்பல்ல ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சு போச்சாம், ஒடனே ஆளு வேணும்னாவ. ஏப்ரல் பத்தாம் தேதி ஏறணும். நீ சொன்னது சரிதான். நான் போட்ட கையெழுத்துக்கு நாந்தான போயி கட்டணும். பிள்ளைட்ட நான் பேசிக்கிடுதேன்."

நான் மீன் பையோடு நின்றேன்.

"ஆனா ஒண்ணுளா," என்றார், தாளை என் பக்கம் திருப்பி வைத்து. "இந்தத் தடவ ஒரு வரி விடல. அர்த்தம் தெரியாததுக்கெல்லாம் அர்த்தம் பாத்தேன். பூரா வாசிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டோ எடுத்து அனுப்பியும் விட்டுட்டேன்."

என் பையிலிருந்து ரத்துத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதையும் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டி வாசித்தார்.

"கோட்டிங் இல்லையா?"

"இல்ல."

"வாரண்டி?"

"இல்ல. எல்லாத்தையும் எடுத்தாச்சு. உங்க கையெழுத்துச் செல்லவே செல்லாது. காரு என் பேருலதான இருக்கு."

அந்தக் குறுக்குக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவருடைய கான்ட்ராக்டை எடுத்து நின்றபடியே படித்தேன். ஏதாவது ஒரு வரி, ஏதாவது ஒரு விலக்கு, ஒரு பெயர் தப்பு, ஒரு தேதி தப்பு. இரண்டு தடவை படித்தேன். ஒழுங்கான பேப்பர். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு வரமாட்டேன் என்றால் அந்தக் கம்பெனி அவரை மறுபடியும் கூப்பிடாது, அதுவும் தெளிவாகவே இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்திலும் டிக் இருந்தது.

உள்ளே மகள் வெள்ளைக் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே எவ்வளவு மடித்துத் தைக்கவேண்டும் என்று பார்க்க அப்பாவைக் கூப்பிட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. அவர் எழுந்திருக்காமல் என்னைப் பார்த்தார்.

"போங்க" என்றேன். "கூப்பிடுதா."